கோட்டில் குத்தும் பூவும் நம் வேலைதான்

மாலை, சடைப்பின்னல், மணமேடை, கார் அலங்காரம் என எல்லாவற்றுக்கும் நம்மிடம் ஆர்டர் தரும் கல்யாண வீட்டார், மாப்பிள்ளையின் கோட்டில் குத்தும் பூவை மட்டும் ஃபேன்சி ஸ்டோரில் துணிப்பூவாக வாங்கிவிடுகிறார்கள். தேவாலயத் திருமணங்களில் கோட் சூட் பழைய வழக்கம். இப்போது திண்டுக்கல்லில் பல வீட்டு வரவேற்புகளிலும் அதுதான். ஊருக்குள் பூ மார்க்கெட், கூப்பிடு தூரத்தில் நிலக்கோட்டை என்றிருக்க, மாப்பிள்ளை நெஞ்சில் துணிப்பூ இருப்பது நமக்கு அழகல்ல. அந்த வேலையை நாமே கேட்டு வாங்க வேண்டும்.

எந்தப் பூ என்பதை நிகழ்ச்சி நேரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி விளையும் நிலத்தில் நம் மாவட்டமும் அடக்கம். விடியலில் பறித்த மொட்டு அந்திக்குமேல்தான் விரியும். இரவு வரவேற்புக்கு மாலையில் மொட்டாகக் கட்டிக் கொடுத்தால், விருந்தினர் வரும் வேளையில் கோட்டிலேயே மலர்ந்து மணக்கும். துணிப்பூவால் இது ஆகுமா? காலைத் திருமணத்துக்கு அதே மல்லி மணக்காத மொட்டாகவே நிற்கும். அதற்குத் தடித்த இதழுள்ள சம்பங்கியோ ரோஜாவோ கொடைக்கானல் கார்னேஷனோ ஏற்றது. நேருவின் ரோஜாவை அறியாத பள்ளிப் பிள்ளைகூட இல்லை என்பதால், ரோஜாவுக்கு வாடிக்கையாளரிடம் விளக்கமே தேவைப்படாது.

ரோஜா, கார்னேஷன் காம்புகளைச் சாய்வாக வெட்டி முந்தின இரவே சுத்தமான தண்ணீரில் நிறுத்துங்கள். கோட்டில் ஏறியபின் பூவுக்குத் தண்ணீர் கிடையாது, குடித்ததுதான் இருப்பு. காலையில் ரோஜாவின் வெளியிதழ்களைக் களைந்து, காம்பை இரண்டு அங்குலமாக நறுக்கி, பூவின் அடிப்பச்சையில் மெல்லிய கம்பியைக் குறுக்கே செருகி இரு முனையையும் காம்போடு சேர்த்து இறக்குங்கள். பின்னால் ஒரு கொத்து மரிக்கொழுந்து வைத்து, பச்சை டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். இழுத்தால்தான் அது ஒட்டும். மல்லிக்குக் கம்பி வேண்டாம். ஏழெட்டு மொட்டுகளை நனைத்த வாழை நாரில் நெருக்கிக் கட்டினால் போதும். மூன்று விரல் அகலத்தைத் தாண்டினால் கோட் தொங்கும். இடப்பக்க மடிப்பின் உட்புறமிருந்து ஊசி குத்துங்கள். வெளியே தெரியக் கூடாது. இதழில் தண்ணீர் தெளிக்காதீர்கள், பட்டிலும் கோட்டிலும் கறை விழும்.

இன்னொரு எச்சரிக்கை. சீர்வரிசைக்கு வைத்த சிறுமலைப் பழத்தோடு கார்னேஷனை ஒரே அறையில் அடைத்து வைக்காதீர்கள். பழுக்கும் வாழை வெளிவிடும் எத்திலீன் வாயு பட்டால், கார்னேஷன் இதழ்கள் உள்நோக்கிச் சுருண்டுவிடும். பூ பழசு என்ற பழி நம் தலையில் விழும்.

மாப்பிள்ளைக்கு எப்போதும் இரண்டாகக் கட்டுங்கள். வாழ்த்துவோர் கட்டியணைப்பதில் முதல் பூ நசுங்கிவிடும்.

சில வீடுகளில் அக்கா தங்கைகளே கட்ட ஆசைப்படுவார்கள். பூ, மரிக்கொழுந்து, கம்பி, டேப் எல்லாம் கொடுத்து முறையையும் சொல்லித்தாருங்கள். பிழைப்பு போய்விடும் என்ற பயம் வேண்டாம். ஒருமுறை கட்டிப் பார்த்தவருக்கே கட்டும் கையின் அருமை தெரியும். அவர் அடுத்த முறை கூலியில் பேரம் பேசமாட்டார்.

மார்கழி, தையில் மல்லி விலை ஏறும்போது மாலையின் அளவைக் குறைக்கச் சொல்வார்கள். ஏழெட்டு மொட்டுக் கொத்தை எந்த வீடும் மறுக்காது. வரும் முகூர்த்தத்திலிருந்து, மாலை ஆர்டர் எழுதும்போதே “கோட்டுக்குப் பூ வேண்டுமா?” என்று கேட்டு எழுதுங்கள்.