தலைகளை மட்டும் எண்ணினால் போதுமா?

சாதியைக் கணக்கெடுத்தால் சாதி வளரும் என்கிறார்கள். யார் என்கிறார்கள்? மகனுக்குப் பெண் தேடும்போது சாதிக்குள் சாதி, கிளைக்குள் கிளை என்று சல்லடை போட்டுச் சலிப்பவர்கள் என்கிறார்கள். வாடகைக்கு வீடு கேட்டு வருபவரை, "எந்த ஊர்? அந்த ஊரில் எந்தத் தெரு?" என்று விசாரித்து, தெருவின் பெயரிலிருந்தே சாதியைத் துருவி எடுப்பவர்கள் என்கிறார்கள். திண்ணையில் கேட்கலாமாம், மணப்பந்தலில் கேட்கலாமாம், சுடுகாட்டிலே கூடக் கேட்கலாமாம். சர்க்கார் ஏட்டில் மட்டும் கேட்கக் கூடாதாம்! ஏன்? திண்ணையில் கேட்டால் ஒருவன் வெளியே நிற்பான். ஏட்டில் கேட்டால், உள்ளே உட்கார்ந்திருப்பவர் யார் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். அச்சம் அதுதான்; வேறொன்றுமில்லை.

2021இல் இதே நடுவண் அரசு, பட்டியல் சாதியார், பழங்குடியினர் நீங்கலாக எவருடைய சாதியையும் கணக்கெடுப்பதில்லை என்பதே தன் கொள்கை என்று நாடாளுமன்றத்தில் நவின்றது. 2025 ஏப்ரல் 30இல் அந்தக் கொள்கை தலைகீழாயிற்று. வரும் மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் சேரும் என்று அமைச்சரவை அறிவித்தது. 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாக வைத்து 2025 ஜூன் 16இல் அறிவிக்கையும் வெளிவந்தது. வெற்றி என்று வெடி வெடிப்போர் வெடிக்கட்டும். எண்ணப்போவது எதை, எண்ணியதை வெளியிடுவார்களா, வெளியிட்டதை வைத்துச் செய்யப்போவது என்ன என்று கேட்பது பகுத்தறிவாளர் கடமை.

அதற்கு முன், நம் தோழர்கள் சிலர் மனத்திலேயே நெளியும் ஐயம் ஒன்றைத் தீர்த்துவிட வேண்டும். "சாதிப் பட்டத்தைத் துறந்தவர்கள் அல்லவா நாம்? பெயருக்குப் பின்னால் இருந்த வாலை அறுத்தெறிந்த நாமே, இப்போது சாதியை எழுது என்று கேட்கலாமா?" என்பது அந்த ஐயம். நேர்மையான கேள்வி. இதற்கு விடை செங்கற்பட்டிலேயே இருக்கிறது.

1929 பிப்ரவரி 17, 18 நாள்களில், ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார் தலைமையில், சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு செங்கற்பட்டில் நடந்தது. சாதிப் பட்டங்களைப் பெயரோடு சேர்க்கலாகாது, பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானித்த மாநாடு அது. அதற்கு முந்தைய ஆண்டாகிய 1928இல் நடந்தது என்ன? அமைச்சர் எஸ். முத்தையா முதலியாரின் முயற்சியால் வகுப்புவாரி உரிமை ஆணை நடைமுறைக்கு வந்தது. 12 வேலைகள் இருந்தால் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறித்தவரும் சேர்ந்து 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என்று பகிர்ந்த ஆணை அது. அந்த ஆணையை வாழ்த்தியவர்களும், சாதிப் பட்டத்தை வீழ்த்தியவர்களும் ஒரே அணியினர். ஒரு கையால் பட்டத்தை அறுத்தார்கள். மறு கையால் பங்கை அளந்தார்கள். முரண்பாடு என்று அன்று வைதிகர் எள்ளினர். சாதியைப் பெருமைக்காகச் சொல்வது பட்டம். பறிபோன உரிமைக்காகச் சொல்வது சான்று. பட்டம் வேண்டாம், சான்று வேண்டும். இதிலே முரண் எங்கே?

அதே செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார், 1893இல் தொடங்கிய ஏட்டுக்கு இட்ட பெயர் 'பறையன்'. ஊரார் இழிவாக உமிழ்ந்த சொல்லையே ஏட்டின் முகப்பில் ஏற்றி, உரிமை கேட்டு நிமிர்ந்தார். அவர் சாதியை வளர்த்தாரா? சாதி செய்த கேட்டைச் சபைக்குக் கொண்டுவந்தார்!

செங்கற்பட்டுக்கும் கணக்குக்கும் உள்ள உறவு பழையது. கும்பினியார் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து 1763இல் இந்தச் சீமையை ஜாகீராகப் பெற்றனர். 1767இலிருந்து 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரைக் கொண்டு ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தனர். நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, ஏரி எத்தனை, எந்தச் சாதியார் வீடு எத்தனை என்று ஊர் ஊராக எழுதினர். நோக்கம் என்ன? வரி! குடியானவனின் வீட்டை எண்ணியது அவன் கூரையை வேய்வதற்காக அல்ல. களத்து நெல்லில் கும்பினியின் பங்கை உறுதி செய்வதற்காக. மிராசு உரிமை யாருக்கு என்று ஆங்கிலேய அதிகாரிகள் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். மிராசுதாரின் வயலில் காலமெல்லாம் உழைத்தவன் குடியிருக்கும் மண் யாருடையது என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

தோன்றியது ஒருவருக்கு. 1891இல் செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் என்ற ஆங்கிலேயர், இம்மாவட்டத்துப் பறையர் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். தலை எத்தனை என்பதோடு அவர் நிற்கவில்லை. நிலம் உண்டா? குடிசை நிற்கும் மனை அவர்களுக்குச் சொந்தமா? தரிசைக் கேட்டால் மிராசுதார் மறிக்கிறாரா? கடனுக்காக அடிமைப்பட்டுக் கிடக்கிறார்களா? பள்ளி உண்டா? கேட்டார், எழுதினார், மேலிடத்துக்கு அனுப்பினார். 1892 செப்டம்பர் 30ஆம் நாள் அரசாணை பிறந்தது. தாழ்த்தப்பட்டோருக்குத் தரிசு நிலம் வழங்க வழி பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் நாம் சொல்லும் நிலம் அதுதான்.

ஒரே மாவட்டம், இரண்டு கணக்குகள்! பர்னார்டின் கணக்கு ஆள்பவனுக்கு வரியைத் தந்தது. திரமென்ஹீரின் கணக்கு ஆளப்பட்டவனுக்கு நிலம் பெறும் வழியைத் தந்தது. முன்னது இருப்பதை எண்ணியது. பின்னது இல்லாததை எண்ணியது. கிடைத்த நிலமும் பின்னாளில் ஏமாற்றாலும் எழுத்து மோசடியாலும் ஊர் ஊராகக் கைமாறியது. காரணையில் அதை மீட்கக் கிளர்ந்த மக்கள்மீது 1994 அக்டோபரில் இதே மாவட்டத்தில் துப்பாக்கி வெடித்தது. இரண்டு இளைஞர்கள் மாண்டார்கள். எழுதிய கணக்கைத் தொடர்ந்து காவாவிட்டால், காகிதத்திலே நிலம் இருக்கும். கழனியிலே வேறொருவன் இருப்பான்.

"அதெல்லாம் பழங்கதை, பட்டிக்காட்டுக் கதை. நகரத்தில் ஏது சாதி?" என்பார் நாகரிகர். நகரத்துக்கே போவோம், பம்மலுக்குப் போவோம். 2011 கணக்கில் 75,870 பேர் வாழ்ந்த ஊர். 2021 நவம்பரில், நகராட்சிகள் 5, பேரூராட்சிகள் 5 சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனபோது அதிலே கலந்த ஊர். பக்கத்தில் அனகாபுத்தூர், தறிகளின் ஊர். மறுபக்கம் நாகல்கேணி; தோல் பதனிடும் தொழிலின் ஊர். தென் மாவட்டத்தார், ஆர்க்காட்டார், ஆந்திரர், வடநாட்டுத் தொழிலாளர் என்று எத்திசையிலிருந்தும் பிழைக்க வந்தோர் நெருங்கி வாழும் பகுதி. இங்கே சாதி கரைந்துவிட்டதா?

தோல் ஊறும் தொட்டியில் இறங்குபவர் யார்? தோலுக்கு விலை பேசுபவர் யார்? ஆலைக் கழிவால் நிலத்தடி நீர் நிறம் மாறியபோது, விலைக்குத் தண்ணீர் வாங்கிக் குடித்தவர் யார்? வாங்க வழியின்றி வாடியவர் யார்? மலக்குழி நிரம்பினால் ஆளனுப்புகிறார்களே, அந்த ஆள் எந்தத் தெருவிலிருந்து வருகிறான்? கையால் மலம் அள்ளுவதை 1993இல் ஒரு சட்டமும் 2013இல் மற்றொரு சட்டமும் தடுத்தன. ஆயினும் மலக்குழிச் சாவுகளின் பட்டியலில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. செத்தவனின் சாதி என்ன என்று சொல்ல எந்தக் கணக்கெடுப்பாளரும் தேவைப்படவில்லை! நகரத்தில் சாதி இல்லை என்பவர், அந்தக் குழியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

எண்ணினால் என்ன கிடைக்கும் என்பதற்கும் இதே மாநகராட்சி சான்று. 2022இல் தாம்பரத்தின் முதல் மேயர் நாற்காலி பட்டியல் சாதிப் பெண்ணுக்கென ஒதுக்கப்பட்டது. எந்த வள்ளலும் வழங்கிய கொடையல்ல அது. பட்டியல் சாதியார் எத்தனை பேர் என்பது பத்தாண்டுக்கொருமுறை எண்ணப்படுகிறது. அந்த எண்ணைப் பார்த்து இடம் ஒதுக்கு என்கிறது அரசமைப்புச் சட்டம். 2011இல், பிரிக்கப்படாத காஞ்சிபுரம் மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 24 பேர் பட்டியல் சாதியார் என்று எழுத்திலே இருக்கிறது. மீதமுள்ள 76இல் பிற்படுத்தப்பட்டோர் எத்தனை? மிகவும் பிற்படுத்தப்பட்டோர் எத்தனை? முன்னேறியோர் எத்தனை? அந்த ஏடு வாய் திறக்காது. 2019 நவம்பரில் செங்கற்பட்டு தனி மாவட்டம் ஆயிற்று. எல்லை புதிது, ஊமைக் கணக்கு மட்டும் பழையது.

1931க்குப் பின் இந்நாட்டில் முழுமையான சாதிக் கணக்கு வெளிவரவே இல்லை. வெள்ளையன் எடுத்த கணக்கை வைத்துக்கொண்டு, விடுதலை பெற்ற நாடு வழக்காடுகிறது! வன்னியருக்கு 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்த சட்டத்தை 2022 மார்ச் 31இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது; சமகாலப் புள்ளிவிவரம் இல்லை என்பது ஒரு காரணம். நன்று. ஆனால் 2019இல், பொருளாதாரத்தில் நலிந்த முன்னேறிய வகுப்பாருக்கு 10 விழுக்காடு வழங்கினார்களே, அதற்கு எந்தக் கணக்கு எடுத்தார்கள்? எத்தனை நாள் எண்ணினார்கள்? சில நாள்களில் மசோதா. சில நாள்களில் சட்டம்! ஏழை பிற்படுத்தப்பட்டவனானால் எண்ணைக் காட்டு, முன்னேறியவனானால் எடுத்துக்கொள். இதுதான் இவர்கள் கற்ற கணிதம்.

2011இல் சமூக, பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பு என்ற ஒன்றை நடத்தினார்கள். சாதி விவரத்தை இன்றுவரை வெளியிடவில்லை. 1931இல் 4,147 ஆக இருந்த சாதிகள் இதிலே 46 இலட்சத்துக்கு மேல் போய்விட்டன, குழப்பம், பிழை என்று 2021இல் உச்ச நீதிமன்றத்தில் கையை விரித்தார்கள். கிளைப் பெயர், பட்டப் பெயர், ஊர்ப் பெயர், எழுத்துப்பிழை எல்லாவற்றையும் தனித்தனிச் சாதியாக எழுதினால் 46 இலட்சம் ஏன் வராது? முறையான பட்டியலின்றிக் கணக்கெடுத்தது யார் குற்றம்? விதைக்காமல் விட்டுவிட்டு விளையவில்லை என்று மண்ணைப் பழிப்பதா?

பீகார் செய்து காட்டியது. 2023 அக்டோபர் 2இல், 13 கோடி மக்களின் கணக்கு வெளிவந்தது. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 36.01, பிற்படுத்தப்பட்டோர் 27.12, பட்டியல் சாதியார் 19.65, பொதுப்பிரிவினர் 15.52 விழுக்காடு. அதைவிட முக்கியமானது அடுத்த மாதம் வந்த இரண்டாம் பகுதி. மாத வருவாய் 6,000 ரூபாய்க்குள் அடங்கும் குடும்பங்கள், பட்டியல் சாதியாரில் நூற்றுக்கு ஏறத்தாழ 43. பொதுப்பிரிவினரில் ஏறத்தாழ 25. முன்னேறியோரிலும் ஏழை உண்டு என்பதை அந்தக் கணக்கு மறைக்கவில்லை. யாரில் எவ்வளவு என்பதையும் மறைக்கவில்லை. உண்மைக்கு அஞ்சாத கணக்கு அப்படித்தான் இருக்கும்.

இங்கேதான் நம் எச்சரிக்கை. சாதிச் சங்கங்கள் இப்போதே சுவரொட்டி ஒட்டத் தலைப்படும். "நம் குலப் பெருமையை எழுது! நாம் இத்தனை கோடி என்று காட்டு! ஆண்ட பரம்பரை என்று சொல்!" என்று முழங்கும். ஆங்கிலேயர் காலத்திலும் இது நடந்தது. நாங்கள் சத்திரியர், நாங்கள் வைசியர் என்று மனுக்கள் மலையாய்க் குவிந்தன. சத்திரியர் என்று எழுதியதால் எந்தக் கூலிக்காரன் கூலி உயர்ந்தது? தலைகளை மட்டும் எண்ணினால், அந்த எண் தலைவர்களுக்குத்தான் பயன்படும். தேர்தல் சந்தையில் விலை பேசப் பயன்படும். தலையோடு நிலத்தை எண்ணு; வீட்டை எண்ணு; குடிநீரை எண்ணு; எட்டாம் வகுப்போடு நின்ற பிள்ளையை எண்ணு; அரசு வேலையை எண்ணு. அப்போது அந்த எண் ஏழைக்குப் பயன்படும். பெரிய எண்ணிக்கை உள்ளவனே வெல்வான் என்றால் இருளர் எங்கே போவர்? தமிழ்நாட்டில் பழங்குடியினர் அனைவரும் சேர்ந்தே நூற்றுக்கு 1.10 தான். ஏரிக்கரையிலே குடிசை போட்டு வாழும் இருளருக்குத் தேவை கோடிக்கணக்கு அல்ல. சாதிச் சான்றிதழும் மனைப்பட்டாவும்.

ஆகவே தோழர்களே, கேட்க வேண்டியவற்றைத் தெளிவாகக் கேட்போம். சாதியை நிலம், கல்வி, வேலை, வீடு ஆகியவற்றோடு இணைத்துக் கணக்கை வெளியிடு. டில்லி அளவில், மாநில அளவில் மட்டுமன்றி, பம்மலின் வட்டம் வரை, செங்கற்பட்டின் சிற்றூர் வரை வெளியிடு. குறிப்பிட்ட நாளுக்குள் வெளியிடு. மறுபடியும் பெட்டியிலே பூட்டாதே. சாதி மறுத்து மணந்தோரின் பிள்ளைகளுக்கும், சாதியே இல்லை என்போருக்கும், "சாதியற்றோர்" என்று எழுதத் தனி இடம் கொடு. அந்த இடத்தில் விழும் எண் ஒவ்வொரு கணக்கிலும் பெருகுவதே நம் இயக்கத்தின் வளர்ச்சிக்கு அளவுகோல்!

கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டும்போது இளைஞர்கள் தெருவில் இருக்க வேண்டும். தனி ஆள் சொன்னதை வெளியே சொல்லலாகாது என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது என்பதை அஞ்சி நிற்கும் தாய்க்குச் சொல்லுங்கள். பட்டப் பெயரைச் சொல்லிப் பட்டியலிலிருந்து நழுவிவிடாமல், அரசுப் பட்டியலில் உள்ள பெயரையே சொல்லும்படி எடுத்துரையுங்கள். வாடகைக் கொட்டகையில் தங்கியிருக்கும் வடநாட்டுத் தொழிலாளியும் விடுபடாமல் பாருங்கள். அவனும் உழைப்பாளி, அவனும் மனிதன்.

சாதி ஒரு நோய். நோயின் பெயரை உச்சரித்தால் நோய் பரவும் என்று நம்புவது மூடநம்பிக்கை. எங்கே வலி, எத்தனை நாளாய் வலி என்று மருத்துவர் கேட்பது, மருந்து தருவதற்காக. அந்தக் கேள்விக்கு விடை சொல்வோம். சொன்ன விடைக்கு மருந்தையும் கேட்டு வாங்குவோம்!