எல்லாருக்கும் தெரிந்த சங்கதி

பௌர்ணமிக்காகத் திருவண்ணாமலைக்குப் போயிருந்தேன். தம்பி வீட்டில் ஜாகை. உள்ளே நுழைந்ததுமே தம்பியின் மகள் மடிக்கணினிக்கு முன்னால் கண் கலங்க உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன்.

"என்னம்மா, பரீட்சையில் ஏதாவது...?"

"பரீட்சை திங்கட்கிழமைதான் பெரியப்பா. அதுக்குள்ளே இந்தப் பைத்தான் கணினியில் ஏறணும். ரெண்டு நாளா ஏற மாட்டேங்குது. எனக்கு இந்தப் படிப்பே வேண்டாம். அப்பாகிட்டே சொல்லி பி.காம். மாத்திக்கப் போறேன்."

பைத்தான் என்றதும் நான் மலைப்பாம்பை நினைத்துக்கொண்டேன். அது இல்லையாம். கணினிக்கு ஆணையிடும் மொழியாம். ஹாலந்து தேசத்து கைடோ வான் ராஸம் 1991-ல் வெளியிட்டது. 'மான்டி பைத்தான்' என்ற பிரிட்டிஷ் ஹாஸ்யக் குழுவின் நினைவாக வைத்த பெயராம். ஹாஸ்யக்காரர்களின் பெயரைச் சூட்டிக்கொண்ட சரக்கு ஒரு பெண்ணை அழ வைக்கிறதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அவளுக்குக் கிடைத்திருந்த குறிப்புத் தாளை வாங்கிப் பார்த்தேன். மூன்றே வரிகள். இறக்கு, நிறுவு, பிறகு கட்டளைச் சாளரத்தில் 'பைத்தான்' என்று தட்டு. அவ்வளவுதான்! கட்டளைச் சாளரம் எங்கே இருக்கிறது, எப்படித் திறப்பது என்று ஒரு வார்த்தை கிடையாது. கட்டளைக்கு முன்னால் ஒரு டாலர் குறி வேறு. அதையும் சேர்த்துத் தட்டியிருக்கிறாள். கணினி கோபித்துக்கொண்டது. குறியை விட்டுவிட்டுத் தட்டியதும் மைக்ரோசாஃப்டின் கடை திறந்துகொண்டு, "பைத்தான் வேண்டுமா? இதோ!" என்று காட்டியது. ஏற்கெனவே நிறுவியவளிடம்!

எதிர்வீட்டுப் பையன் சென்னையில் கணினிக் கம்பெனியில் இருக்கிறான். கிரிவலத்துக்கு வந்திருந்தவனைக் கூப்பிட்டேன். பத்து விநாடி பார்த்தான்.

"பாத் கட்டத்தில் டிக் போடலையா?"

"தாளில் அப்படி இல்லையே அண்ணா!"

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதாச்சே!"

விஷயம் இதுதான். பெயரைச் சொன்னால் கணினி வீடு முழுவதும் தேடாது. தன்னிடமுள்ள பட்டியலில் எழுதிய இடங்களில் மட்டுமே பார்க்கும். அந்தப் பட்டியலுக்குத்தான் 'பாத்' என்று பெயர். புது வீடு கட்டிக் குடியேறியாகிவிட்டது. தபால்காரரிடம் விலாசம் கொடுக்கவில்லை. கடிதம் எப்படி வரும்? அவள் இறக்கிய பதிப்பில், நிறுவும்போது தோன்றும் முதல் பலகையின் அடியில் அதற்கென்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. நாமாக டிக் போட்டால்தான் உண்டு. பெரிய எழுத்தில் 'இப்போதே நிறுவு' என்று மேலே மின்னும்போது எந்தக் குழந்தை அடியில் பார்க்கும்?

பையன் நிறுவியை மறுபடி ஓட்டி, 'மாற்று' என்பதை அழுத்தி, அந்தக் கட்டத்தில் டிக் போட்டான். அப்படியும் வரவில்லை. சிரித்துக்கொண்டே கறுப்புச் சாளரத்தை மூடிவிட்டுப் புதிதாகத் திறந்தான். முன்பே திறந்திருந்த சாளரம் பழைய பட்டியலையேதான் வைத்துக்கொண்டிருக்குமாம். இதுவும் எல்லாருக்கும் தெரிந்ததுதானாம்!

எங்கள் ஊர்க்காரர்களும் இப்படித்தான். வெளியூர் ஆசாமி கிரிவலத்துக்கு வழி கேட்டால், "நேரே போய் மலையைச் சுத்திக்கிட்டு வாங்க" என்பார்கள். பதினாலு கிலோமீட்டர் என்பதையோ, செருப்பை எங்கே விடுவது என்பதையோ சொல்ல மாட்டார்கள். தினமும் நடக்கிறவருக்கு அதெல்லாம் ஒரு விஷயமாகவே தோன்றாது.

தமிழ்ப் பிள்ளைகளுக்காகவே முத்து அண்ணாமலை என்பவர் 'எழில்' என்ற கணினி மொழியைச் செய்தார். 2009-ல் அதைப்பற்றி ஒரு கட்டுரையும் வெளியிட்டார். அதில் 'பதிப்பி' என்றால் திரையில் எழுத்து வரும். 'முடி' என்றால் முடியும். அந்த எழிலும் பைத்தானின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. வாசலில் படி இல்லாவிட்டால் கூடத்தில் தமிழ்க் கோலம் போட்டு என்ன பிரயோஜனம்? அந்தக் குழுவினர் ஒரு நல்ல காரியமும் செய்தார்கள். எதையும் நிறுவாமலே இணையத்தில் எழுதி ஓட்டிப் பார்க்க இடம் கொடுத்தார்கள். முதல் நாளைக்கு அதுதான் சரி என்பது என் கட்சி. வணக்கம் சொல்லிப் பழகியபின் வீடு கட்டிக்கொள்ளலாமே!

சாயங்காலம் பெண் புதிதாக ஒரு தாள் எழுதினாள். சிநேகிதிகள் நாலு பேருக்கு அனுப்ப வேண்டுமாம். "டாலர் குறியைத் தட்டாதே. மூன்று அம்புக்குறி வந்தால் பைத்தான் வந்துவிட்டது என்று அர்த்தம். வராமல் கடை திறந்தால் பயப்படாதே, ஏழாவது வரியைப் பார்" என்று மொத்தம் பதினோரு வரிகள். நீளமாக இருக்கிறதே என்றேன். "எனக்கு ரெண்டு நாள் போச்சே பெரியப்பா" என்றாள். பி.காம். பேச்சு வரவில்லை, நானும் எடுக்கவில்லை.

ராத்திரி கிரிவலத்தில் குபேர லிங்கத்தைத் தாண்டும்போது அவள் கைபேசி மணி அடித்தது.

"அக்கா, என் கணினியில் அந்தக் கட்டமே இல்லையே?"

சிநேகிதியின் தங்கை. வேறு மாதிரிக் கணினியாம். பெண் பாதையோரம் உட்கார்ந்து, கைபேசியிலேயே பன்னிரண்டாவது வரியை எழுத ஆரம்பித்துவிட்டாள். நான் பக்கத்தில் சுக்குக் காபிக் கடையைத் தேடிப் போனேன்.