மச்சம் பார்த்து முடித்த கல்யாணம்

‘மிஸ்ஸியம்மா’ படம் 1955 பொங்கலுக்கு வெளிவந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஜனவரி 1 அன்று, சிறப்புத் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. இந்துவும் கிறிஸ்தவரும் தத்தம் மதத்தை விடாமலே பதிவாளர் முன்னிலையில் மணந்துகொள்ளலாம். படம் அந்த வழியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஜமீன்தார் பள்ளியில் தம்பதிக்குத்தான் வேலை. வேலையற்ற இந்துவாகிய ஜெமினி கணேசனும் கடனில் சிக்கிய கிறிஸ்தவப் பெண் மேரியாகிய சாவித்திரியும் கணவன் மனைவி என்று பொய் சொல்லிச் சேர்கிறார்கள். ஜமீன்தார் மகளுக்கு அவன் பாட்டுச் சொல்லித்தரப் போக, இவளுக்குப் பொறாமை. நாளெல்லாம் சண்டை, பாட்டில்தான் மனம் வெளிவருகிறது. நிலவிடம் ஒருவர் மீது ஒருவர் புகார் சொல்லும் அந்த டூயட்டைப் பாடியவர்கள் ஏ. எம். ராஜாவும் பி. லீலாவும். ராஜா ஆந்திரச் சித்தூர் மாவட்டத்துக்காரர்; லீலாவுக்கு ஊர் பாலக்காட்டுச் சித்தூர். மெட்டு, தெலுங்கரான ராஜேஸ்வர ராவுடையது. வரிகள் தஞ்சை ராமையாதாஸ். நிஜத்தில் குண்டூர் மாவட்டத்துச் சாவித்திரியும் புதுக்கோட்டை ஜெமினியும் 1952லேயே மணந்திருந்தார்கள்.

பாட்டும் நடிகர்களும் தாண்டிய எல்லையைக் கதை தாண்டவில்லை. மேரி, ஜமீன்தார் தொலைத்த மூத்த மகளாம். காலில் இருக்கும் மச்சமே சாட்சி! நகைச்சுவை நடிகர் தங்கவேலுவின் துப்பறியும் கூத்தில் சிரித்து முடிப்பதற்குள் மதப் பிரச்சினை மாயமாகிவிடும். சாமர்த்தியமான கோழைத்தனம் என்பேன்.

படம் தவிர்த்த கலப்பு நிஜத்தில் வேறோர் இடத்தில் நடந்தது. மறு ஆண்டு, 1956 நவம்பர் 14, நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. கிராமங்கள் கையகப்படுத்தப்பட்ட மண்ணில் வட்டம் வட்டமாக நகரியம் எழுந்தது. சுரங்கத்துக்கு ஜெர்மன் இயந்திரம், அனல் மின் நிலையத்துக்குச் சோவியத் உதவி. குவார்ட்டர்ஸ் கொடுத்தது பதவியைப் பார்த்து. சாதியையோ மொழியையோ பார்த்து அல்ல. ஆகவே பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசலாம், எதிர்வீட்டில் மலையாளம். பிள்ளைகள் ஒரே பள்ளிக்கூடம். படத்தில் ஜமீன்தார் பொய் சொல்லவைத்துச் சேர்த்த இருவரைப் போன்றவர்களை, இங்கே அரசாங்க உத்தியோகம் சும்மாவே அண்டைவீட்டார் ஆக்கியது.

அப்படி வளர்ந்த பிள்ளைகளில் மதம் தாண்டிக் காதலிப்பவர்களுக்கு மச்சம் உதவாது. பதிவாளர் அலுவலகம்தான். அங்கே திருமண அறிவிப்பை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டி, ஆட்சேபம் வருகிறதா என்று முப்பது நாள் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். 1955இல் வைத்த அந்த நிபந்தனை இன்னும் எடுக்கப்படவில்லை. வீட்டுக்குத் தெரியாமல் வருகிறவர்களைக் காட்டிக்கொடுப்பதும் அந்த ஒட்டிய தாள்தான்.