சங்கிலி கழன்ற பிறகு



2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலை, ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓடித் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டார்கள். மானாமதுரை, பரமக்குடி வழியாக ஏர்வாடிக்குச் செல்லும் பேருந்து மதுரை வட்டாரக் குடும்பங்களுக்குப் பழக்கமானது. பிள்ளையின் போக்கு மாறினால் முதலில் நம் நினைவுக்கு வருவது அந்தப் பேருந்துதான். அதில் ஏறியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அன்று அவர்களுக்கு வேறு வழி காட்டியவர் யார்?

அதன் பிறகு அத்தகைய காப்பகங்களை அரசு மூடியது. மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் திட்டவட்டமாகக் கூறுகிறது. ஏர்வாடி தர்ஹாவிலேயே, குஜராத்தின் உனாவா தர்ஹாவை முன்மாதிரியாகக் கொண்டு, துஆவுடன் மருந்தும் கிடைக்க ஏற்பாடானது. அல்ஹம்து லில்லாஹ். ஆனால் சங்கிலி கழன்றவரை வீட்டில் யார், எப்படிப் பராமரிப்பது என்ற கேள்விக்கு நம் மஹல்லாக்களில் இன்றும் விடையில்லை. அதிலும் இருவகைப் பாதிப்புகளை நாம் நோயென்றே ஒப்புக்கொள்வதில்லை.

ஒன்று ஆளுமைக் கோளாறு. அதன் வகைகளுள் ஒன்றில், நெருங்கியவர்கள் கைவிட்டுவிடுவார்களோ என்ற அச்சம் ஓயாமல் வாட்டும். காலையில் உயிராய் நேசித்தவரை மாலையில் வெறுக்கச் சொல்லும். கையைக் கீறிக்கொள்ளத் தூண்டும். நாம் இதைத் திமிர் என்போம், வளர்ப்புச் சரியில்லை என்போம், நிக்காஹ் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்போம். (அந்தக் கடைசி யோசனை எத்தனை இளம்பெண்களின் வாழ்வைக் கெடுத்திருக்கிறது!) இதை அடியோடு போக்கும் மாத்திரை எதுவுமில்லை. முறையான பேச்சுச் சிகிச்சையும் நிதானம் தவறாத பராமரிப்புமே முதன்மை. அவற்றால் ஆண்டுகள் செல்லச் செல்லப் பலர் தேறுகிறார்கள்.

பயிற்சி பெற்ற மனநலச் செவிலியரின் அருமை இங்கேதான் தெரியும். காலைப் பணியில் இருப்பவர் மறுத்ததை மாலையில் வருபவர் அனுமதிக்க மாட்டார். பணி மாறும்போதே பேசி, ஒரே வார்த்தையில் நிற்பார்கள். நம் வீடுகளில் அத்தா கண்டிப்பார், அம்மா ஒளித்துக் கொடுப்பார், மாமா வந்து இருவரையும் ஏசுவார். பிள்ளையின் கொந்தளிப்பு இரட்டிப்பாகும். “செத்துப் போகிறேன்” என்று பிள்ளை சொன்னால் நாம் மிரட்டல் என்று ஒதுக்குகிறோம். செவிலியரோ அமர்ந்து, நேராகவே கேட்பார். கூர்மையான பொருள்களையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்துவார். அத்தகைய இரவில் 14416 என்ற எண்ணை அழையுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

மற்றொன்று ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு போன்ற வளர்ச்சி சார்ந்த நிலைகள். பெருநாளன்று புத்தாடையின் கழுத்துப் பட்டை உறுத்தி அலறும் பிள்ளையை ஜின் பிடித்துவிட்டதென்று ஓதிப் பார்க்க அழைத்துச் செல்கிறார்கள். ஓதுவதை நான் தடுக்கவில்லை. நோயை இறக்கிய இறைவன் அதற்குரிய மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்று கற்பித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத், ஓதுவதோடு மட்டும் நின்றுவிடுவதைத்தான் கேட்கிறேன். ரமளானில் உண்ணும் நேரமும் உறங்கும் நேரமும் ஒரே நாளில் தலைகீழாகின்றன. அப்பிள்ளைக்கு அது நிலநடுக்கம். பிறை தெரிவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஸஹர், நோன்பு திறத்தல், தராவீஹ் ஆகியவற்றைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டி நாள்தோறும் காட்டினால் கொந்தளிப்பு பெரிதும் தணியும். இது கற்றுக்கொள்ளக்கூடிய கலை. மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. 1992 முதல் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை இத்துறையில் இயங்குகிறது. கேட்கப் போகிறவர்களாக நாம் இருக்க வேண்டும்.

அறிவில் சற்றுக் குறையிருந்த ஒரு பெண்மணி, தமக்கு ஒரு தேவை இருப்பதாக நபி (ஸல்) அவர்களிடம் வந்ததை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்கிறது. எந்தத் தெருவில் பேசலாம் என்று அப்பெண்மணியையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, அவருடன் சென்று, அவர் தேவை முடியும்வரை அவர்கள் நின்றார்கள். மனநலச் செவிலியம் கற்பிக்கும் மூன்றும் அதில் இருக்கின்றன: மரியாதை, தேர்வுரிமை, அவசரமின்மை.

மதீனாப் பள்ளிவாசலிலேயே கூடாரமிட்டுக் காயமுற்றோரைப் பராமரித்த ருஃபைதா (ரலி) அவர்களை மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் மகள் மனநலப் பிரிவில் செவிலியராகப் போகிறேன் என்றால், வரன் அமையாதே என்று கலங்குகிறோம். இந்த முரண்பாடு எனக்குப் புரியவில்லை. ஜமாஅத்தின் கல்வி நிதியிலிருந்து ஆண்டுக்கு ஒரு பெண்ணையாவது இத்துறையில் படிக்க வைக்கலாமே!

“எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்?” என்பது பெற்றோரைத் தூங்கவிடாத கேள்வி. தம் பொருளை நிர்வகிக்க இயலாதவர்களுக்கு அதிலிருந்தே உணவும் உடையும் அளித்து, கனிவாகப் பேசும்படி சூரா அந்நிஸா பொறுப்பாளர்களுக்குக் கட்டளையிடுகிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயது நிறைந்த ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உடையோருக்கு, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கும். அவர் ஆறு மாதங்களுக்குள் சொத்துப் பட்டியலும், பின்னர் ஆண்டுதோறும் கணக்கும் தர வேண்டும். சொத்தில் பங்கிருந்தும் திண்ணையில் பசித்திருக்கும் சகோதரர்கள் நம் ஊர்களில் உண்டு; அவர்களுக்கு இது அரண். ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். உடன் சென்று விண்ணப்பத்தை நிரப்பித் தர, மஹல்லாவில் படித்த இளைஞர் ஒருவர் போதும்.