ஓட்டக் கணக்கில் வராத மாணவர்கள்



எங்கள் வட்டாரக் கிரிக்கெட் கழகத்தின் பருவ அறிக்கையை அண்மையில் படித்தேன். வெற்றி, தோல்வி, அதிக ஓட்டம் எடுத்தவர், அதிக விக்கெட் வீழ்த்தியவர் என யாவும் முறையாக இருந்தன. நான் தேடிய கணக்கு மட்டும் அதில் இல்லை. பள்ளி மாணவர் எத்தனை பேர் உண்மையில் விளையாடினர்? பதினோராமவராகப் பெயர் பெற்று, பந்தும் வீசாமல் மட்டையும் பிடிக்காமல் எல்லைக்கோட்டருகே நாள் முழுதும் நிற்பது விளையாட்டாகாது.

வெற்றி வேண்டாம் என்று நான் கூறவில்லை. 2023-இல் கிள்ளான் பண்டமாரானில் உள்ள பாயுமாஸ் திடலில், நம் நாட்டு வீரர் சியாஸ்ருல் இட்ருஸ் சீனாவுக்கு எதிராக 8 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆடவர் அனைத்துலக இருபது ஓவர் ஆட்டங்களில் ஒருவர் 7 விக்கெட் எடுத்தது அதுவே முதன்முறை. அத்தகையோரிடமும் ஒருநாள் யாரோ ஒருவர் முதல் ஓவரை நம்பி ஒப்படைத்திருப்பார்.

பெற்றோருக்கும் ஒரு சொல். யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. ஆயினும் சனிக்கிழமைக் காலை இன்னும் டியூஷனுக்கே உரியதாக உள்ளது. பயிற்சிக்கே வராத பிள்ளையிடம் கழகம் எவ்வாறு பந்தைக் கொடுக்கும்?

அடுத்த பருவத்தில் ஒவ்வோர் ஆட்டத்திலும் மாணவர் இருவருக்கேனும் பந்துவீச்சோ முன்வரிசை ஆட்டமோ கிடைக்கட்டும். அறிக்கையில் அதற்கொரு பகுதியும் இருக்கட்டும். ஆசிரியர்களாகிய நாம் அதனைப் புறப்பாடப் பதிவேட்டில் குறித்து ஊக்கமளிப்போம். மூத்த ஆட்டக்காரர்கள் ஓய்வு பெறும் நாளில் கழகத்தை நடத்தப்போகிறவர்கள் இப்பிள்ளைகளே என்பதைச் செயற்குழுவினர் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.