டிக்கெட் கையில் இருந்தால் போதுமா?



இம்மாதம் வந்த கடிதக் கட்டில் ஒரு கடிதத்தைப் படித்ததும் மற்றவற்றை ஓரமாக வைத்துவிட்டேன். பேரா மாநிலத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் சீவி ஓய்வு பெற்றவர். கணவர் ஆலையில் வேலை பார்த்தவர். இருவருக்கும் 60 வயது கடந்துவிட்டது. ஒரே மகள் ஜெர்மனியில், மியூனிக் நகரில் படிக்கிறாள்.

“அண்ணே, மகளின் பட்டமளிப்புக்கு நாங்கள் இரண்டு பேரும் போகிறோம். அப்படியே வெனிஸ், சூரிக், பாரிஸ் மூன்றையும் ரயிலில் பார்த்துவிட்டு வரலாம் என்கிறாள். ஏதோ ஒரு பாஸ் இருக்கிறதாம். அதை எடுத்துவிட்டால் எந்த ரயிலிலும் ஏறிக்கொள்ளலாமாம். விலையை நம் வெள்ளியில் கணக்குப் பார்த்தால் தலை சுற்றுகிறது. சேமநிதிப் பணத்தைத்தான் தொட வேண்டும். பாஸ் எடுப்பதா, தனித்தனி டிக்கெட் எடுப்பதா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்று கேட்டிருக்கிறார்.

விடியாத இருட்டில் நெற்றி விளக்கோடு போய்ச் சம்பாதித்த பணம் அது. ஒரு வெள்ளிகூட அபராதமாகவோ வீண் கட்டணமாகவோ போகக் கூடாது. இந்தக் கேள்வி இன்று பல வீடுகளில் இருக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் படிக்கிறார்கள், பெற்றோரை அழைக்கிறார்கள். ஆகவே எல்லாருக்குமாகச் சொல்கிறேன்.

ஒன்றல்ல, மூன்று

நம் நாட்டில் இ.டி.எஸ். ரயிலுக்கு டிக்கெட் எடுத்தால் நாள், நேரம், பெட்டி, இருக்கை எல்லாம் அந்த ஒரே டிக்கெட்டில் வந்துவிடும். ஐரோப்பாவில் எல்லா ரயிலும் அப்படி இல்லை. பயணம் செய்யும் உரிமை ஒன்று. உட்காரும் இருக்கை இன்னொன்று. சில இடங்களில் ஏறுமுன் டிக்கெட்டில் முத்திரை குத்துவது மூன்றாவது. டிக்கெட் கையில் இருக்கிறது என்று நம்பி ஏறி, இரண்டாவதையோ மூன்றாவதையோ மறந்து அபராதம் கட்டியவர்கள் பலர்.

விலையும் ஒன்றாக இருப்பதில்லை. அதே ரயில், அதே பெட்டி. ஆனால் மூன்று மாதம் முன்னால் வாங்கியவர் ஒரு விலை கொடுத்திருப்பார், அன்று காலை வாங்கியவர் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு கொடுத்திருப்பார். மலிவு டிக்கெட்டுகள் அளவோடுதான் இருக்கும். தீர்ந்தால் அடுத்த விலைக்கு ஏறிவிடும். சாதாரணமாக மூன்று முதல் ஆறு மாதத்துக்கு முன்பே விற்பனை திறக்கிறது. ஐரோப்பாவில் ஆண்டுதோறும் டிசம்பர் நடுவில் கால அட்டவணை மாறும். அதற்குப் பிந்திய நாட்களுக்கு விற்பனை தாமதமாகத் திறப்பதும் உண்டு.

மலிவு டிக்கெட்டில் ஒரு கட்டு இருக்கிறது. அந்த நாள், அந்த ரயில் மட்டும்தான். ரயிலைத் தவறவிட்டால் பெரும்பாலும் பணமும் போனதுதான். எந்த ரயிலிலும் போகலாம் என்ற டிக்கெட்டும் உண்டு. அதன் விலை அதிகம். ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன் எங்கும் பெயர் மாறினாலும் வழக்கம் ஏறக்குறைய இதுதான்.

பாஸ் என்பது என்ன?

சகோதரி கேட்ட பாஸின் பெயர் யூரெயில். 1959ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கானது. இன்று 33 நாடுகளில் செல்லும். ஒரு மாதத்துக்குள் விருப்பமான 4 நாள், 5 நாள், 7 நாள் என்று பயண நாள்களை எண்ணி வாங்கலாம். 60 வயதைத் தாண்டியவர்களுக்குப் பத்து விழுக்காடு கழிவு உண்டு. 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பெரியவரோடு போனால் பாஸ் இலவசம். ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள் வரை.

இங்கே ஒரு சங்கதியைக் கவனியுங்கள். ஜெர்மனியில் முறையாக வசிக்கும் மகளுக்கு யூரெயில் கிடையாது. அவளுக்கு இன்டர்ரெயில் என்ற வேறு பாஸ். பாஸ்போர்ட் எந்த நாடு என்பது கணக்கில்லை. எங்கே வசிக்கிறீர்கள் என்பதே கணக்கு. அந்த இன்டர்ரெயிலிலும், வசிக்கும் நாட்டுக்குள் வெளியே போக ஒரு பயணம், திரும்பி வர ஒரு பயணம் மட்டும்தான். ஆக, ஒரே குடும்பம், ஒரே ரயில், இரண்டு விதமான பாஸ்! தெரியாமல் மூன்று பேருக்கும் ஒரே பாஸை வாங்கிவிட்டால் என்ன ஆகும்?

அடுத்து, பாஸ் என்பது பயண உரிமை மட்டுமே. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நாடுகளுக்குள் ஓடும் பெரும்பாலான ரயில்களில் இருக்கைப் பதிவு கட்டாயமில்லை. பாஸோடு ஏறி உட்காரலாம். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் அதிவேக ரயில்கள், லண்டன் போகும் யூரோஸ்டார், இரவு ரயில்கள் ஆகியவற்றில் கட்டாயம். பாஸ் இருந்தாலும் ஒவ்வோர் ஏற்றத்துக்கும், ஆளுக்கு ஆள், தனிக் கட்டணம் கட்ட வேண்டும். 10 யூரோ என்றால் 10 வெள்ளி என்று எண்ணிவிடாதீர்கள். நம் பணத்தில் அது நாலைந்து மடங்கு. மேலும், சில ரயில்களில் பாஸ்காரர்களுக்கென்று குறைந்த இடங்களே ஒதுக்குவார்கள். அவை தீர்ந்துவிட்டால் பாஸ் கையில் இருந்தும் ஏற முடியாது.

கணக்கைப் போடுங்கள்

அப்படியானால் பாஸ் கூடாதா? அப்படிச் சொல்லமாட்டேன். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். அந்தச் சகோதரியின் பயணத்தை எடுத்துக்கொண்டால் ஐந்து ஏற்றங்கள்: மியூனிக்கிலிருந்து வெனிஸ், வெனிஸிலிருந்து மிலான், மிலானிலிருந்து சூரிக், சூரிக்கிலிருந்து பாரிஸ், பாரிஸிலிருந்து மியூனிக். இடது பக்கம் ஒவ்வொன்றுக்கும் இன்றே வாங்கினால் என்ன விலை என்று எழுதிக் கூட்டுங்கள். வலது பக்கம் பாஸின் விலை. அதற்குக் கீழே ஒவ்வோர் இருக்கைக் கட்டணம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். வெனிஸிலிருந்து மிலான் வழியாகச் சூரிக்குக்கு ஒரே நாளில் போய்விட்டால், பாஸில் நான்கு நாளே செலவாகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நாள் முடிவாகிவிட்டது, நான்கைந்து பயணம்தான், இன்னும் இரண்டு மூன்று மாதம் இருக்கிறது என்றால் இடது பக்கம் குறைவாக வருவதே வழக்கம். நாள் தெரியாது, மனம் போனபடி இறங்கி ஏற வேண்டும், தூரம் அதிகம் என்பவர்களுக்குப் பாஸ் தோதாக வரும். பட்டமளிப்புக்குப் போகிறவருக்குத் தேதி தெரியும். ஆகவே என் யோசனை: மகளை இன்றே விலை பார்க்கச் சொல்லுங்கள், சகோதரி.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி சில வருடங்களுக்கு முன் போனார்கள். வழியில் ஒரு நிலையத்தில் ரயில் மாற வேண்டும். முதல் ரயிலுக்கு ஒரு டிக்கெட், இரண்டாவது ரயிலுக்கு வேறு இடத்தில் இன்னொரு மலிவு டிக்கெட். மாறுவதற்கு இருபது நிமிடம். முதல் ரயில் நாற்பது நிமிடம் தாமதம். இரண்டாவது போய்விட்டது. “அது தனி டிக்கெட், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது” என்றார்கள். அன்றைய விலையில் புது டிக்கெட் வாங்கினார்கள். “காசு போனதைவிட, பாஷை தெரியாத ஊரில் அவர் என் முகத்தைப் பார்த்தாரே, அதுதான் தாங்க முடியவில்லை” என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார்.

ஆகவே ரயில் மாறும் பயணத்தை, முடிந்தால், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். அப்போது ஒரு ரயில் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் வேறு ரயிலில் அனுப்பி வைப்பது அவர்கள் பொறுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஜூன் முதல் நடப்பிலுள்ள விதிப்படி, போய்ச் சேருவது ஒரு மணி நேரம் தாமதமானால் டிக்கெட் விலையில் 25 விழுக்காடும், இரண்டு மணி நேரம் தாமதமானால் 50 விழுக்காடும் கேட்டுப் பெறலாம். கடும் புயல், வெள்ளம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. டிக்கெட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். தனித்தனியாகத்தான் வாங்க முடிகிறது என்றால் நடுவில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள்.

முத்திரை குத்த மறவாதீர்

இத்தாலியில் வட்டார ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுமுன் நிலையத்தில் இருக்கும் சிறு இயந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். தோட்டத்தில் பிரட்டுக்கு வந்து நின்றும் பெயர் கொடுக்காவிட்டால் செக்ரோலில் ஏறுமா? அதே கதைதான். டிக்கெட் உண்மையானதாக இருந்தாலும் முத்திரை இல்லாவிட்டால் பரிசோதகர் அபராதம் போடலாம்.

பணம் கட்டும்போது

ரயில் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். இடையில் விற்பவர்களில் சிலர் தங்கள் கூலியைச் சேர்த்துக்கொள்வார்கள். நம் வங்கி அட்டைகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவு பூட்டியே இருக்கும். புறப்படுமுன் வங்கியில் கேட்டுத் திறந்துகொள்ளுங்கள். பணம் கட்டும்போது வங்கி உங்கள் கைப்பேசிக்கு ஒப்புதல் கேட்டு அனுப்பும். நம் ஊர் சிம் அட்டையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனால் அங்கே திண்டாட வேண்டும். யூரோவில் கட்டவா, ரிங்கிட்டில் கட்டவா என்று இயந்திரம் கேட்டால் யூரோ என்றே சொல்லுங்கள். ரிங்கிட் என்றால் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்குப் பாதகமாக இருக்கும். சுவிட்சர்லாந்தில் பணம் யூரோ இல்லை, பிராங்க்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. பாஸ்போர்ட்டில் பெயருக்கு நடுவே ஏ/எல், ஏ/பி என்று இருக்கும். அந்தச் சாய்கோட்டை அங்குள்ள தளங்கள் பல ஏற்காது. உங்கள் பெயரை முதற்பெயராகவும் தகப்பனார் பெயரைக் குடும்பப்பெயராகவும் கோடு இல்லாமல் எழுதுங்கள். எல்லா டிக்கெட்டிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். பரிசோதகர் பாஸ்போர்ட்டைக் கேட்டு ஒத்துப் பார்ப்பதுண்டு.

நிலையத்தில்

பலகையில் ஊர்ப் பெயர் அந்த ஊர்ப் பாஷையில்தான் இருக்கும். மியூனிக் அங்கே முன்ஷென். வெனிஸ் அங்கே வெனேட்சியா. அதிலும் இரண்டு நிலையம்: மெஸ்த்ரே கரைப்பக்கம், சாந்தா லூச்சியாதான் தண்ணீர் நடுவே உள்ள ஊர். பாரிஸில் பெரிய நிலையங்களே ஆறு ஏழு. சூரிக் ரயில் வந்து நிற்பது ஒன்று, மியூனிக் ரயில் புறப்படுவது இன்னொன்று. டிக்கெட்டில் உள்ள நிலையப் பெயரை முழுதாகப் படியுங்கள். நேரம் 24 மணிக் கணக்கு. 18:10 என்றால் மாலை ஆறு பத்து.

புரியாவிட்டால் கேளுங்கள். ஆங்கிலம் திக்கித் திக்கி வந்தாலும் பரவாயில்லை. டிக்கெட்டை நீட்டி, “இந்த ரயிலா?” என்று விரலால் காட்டினால் போதும். கேட்பதில் கூச்சமென்ன?

அந்தச் சகோதரிக்கு ஒரு வார்த்தை. தாள், பேனா, மகளின் தொலைபேசி மூன்றையும் வைத்துக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்காருங்கள். கணக்கு முடிந்தபின் எடுப்பது பாஸோ டிக்கெட்டோ, அது நீங்கள் தெரிந்து எடுத்ததாக இருக்கும். மியூனிக் மேடையில் மகள் பட்டம் வாங்கும்போது உங்கள் மனத்தில் டிக்கெட்டைப் பற்றிய கவலை இருக்கக் கூடாது. போய் வந்து எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.