திருவிழா அவர்களுடையது, பணம் நம்முடையது

கால்பந்து உலகக் கோப்பையை எந்த நாடு நடத்துவது என்று முடிவுசெய்யும் அறையில் என்ன நடக்கிறது என்பது இப்போது ஊரறிந்த ரகசியம். 2010 டிசம்பர் 2 அன்று சூரிச்சில் ஃபிஃபா செயற்குழுவினர் 22 பேர் கூடி 2018 போட்டியை ரஷ்யாவுக்கும் 2022 போட்டியை கத்தாருக்கும் கொடுத்தார்கள். குழுவில் இருந்ததோ 24 பேர். ஓட்டு பேரம் பற்றிய பத்திரிகைப் புலனாய்வில் சிக்கிய இருவர் முன்பே இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். 2015 மே மாதம் அதே சூரிச்சில் ஒரு நட்சத்திர விடுதியில் ஃபிஃபா நிர்வாகிகளைச் சுவிஸ் போலீஸ் கைது செய்தது. ரஷ்யாவுக்கும் கத்தாருக்கும் ஓட்டுப் போடச் சில உறுப்பினர்கள் லஞ்சம் வாங்கினார்கள் என்று 2020-ல் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் குற்றப்பத்திரிகையிலேயே எழுதினார்கள். இரு நாடுகளும் மறுத்தன. இத்தனைக்குப் பிறகும் 2024 டிசம்பரில் 2034 உலகக் கோப்பை சவுதி அரேபியாவுக்குப் போனது. களத்தில் இருந்தது ஒரே ஒரு நாடு. வாக்கெடுப்பு கைதட்டலோடு முடிந்தது.

கொரட்டூரில் என் வயது நண்பர்களிடம் இதைப் பேசினால் எல்லோருக்கும் கோபம் வருகிறது. எனக்கும் வருகிறது. ஆனால் அந்தக் கோபம் சூரிச்சோடு நின்றுவிடுவதுதான் என்னை எரிச்சல்படுத்துகிறது. ஓட்டுக்கு யார் காசு வாங்கினார்கள் என்பது ஒரு கேள்வி. வென்ற பிறகு அந்தத் திருவிழாவை நடத்த யாருடைய காசு எடுக்கப்பட்டது என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு விடை தேட வெளிநாடு போக வேண்டாம். டெல்லி போதும்.

2003 நவம்பரில் ஜமைக்காவின் மான்டிகோ பேயில், 2010 காமன்வெல்த் போட்டிக்கான வாக்கெடுப்பில் கனடாவின் ஹாமில்டனை டெல்லி 46-க்கு 22 என்று தோற்கடித்தது. வாக்கெடுப்புக்கு முன் இந்தியா ஒரு சலுகையை அறிவித்திருந்தது: 72 உறுப்பு நாடுகளுக்கும் பிரதேசங்களுக்கும், வீரர்களின் பயிற்சிக்காகத் தலா ஒரு லட்சம் டாலர். மொத்தம் 72 லட்சம் டாலர். இது சட்டவிரோதமல்ல, வெளிப்படையாகவே செய்யப்பட்டது. நம் ஊர்த் தேர்தலில் வீட்டுக்கு வீடு கவர் கொடுத்தால் அதற்கு ஒரு பெயர் உண்டு. சர்வதேச விளையாட்டில் அதன் பெயர் பயிற்சி உதவி.

அன்று சொன்ன செலவுக் கணக்கு 1,200 கோடி ரூபாய். சிஏஜி 2011-ல் தணிக்கை அறிக்கை வைத்தபோது அது 18,532 கோடியாகியிருந்தது. இந்தப் பணத்தில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்பது, அரசு பட்ஜெட்டுகளை வைத்து ஆய்வு செய்யும் எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

அட்டவணைச் சாதியினருக்கான சிறப்பு உட்கூறுத் திட்டம் 1979-80 வாக்கில் தொடங்கியது. மக்கள்தொகையில் நம் பங்கு எவ்வளவோ, திட்டச் செலவில் அந்த அளவு நம் மேம்பாட்டுக்கென ஒதுக்க வேண்டும், வேறு எதற்கும் திருப்பக்கூடாது என்பது அதன் அடிப்படை. 2006-07 முதல் 2010-11 வரை டெல்லி அரசு இந்த நிதியிலிருந்து 744 கோடி ரூபாயைக் காமன்வெல்த் போட்டிக்குத் திருப்பியிருந்தது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் வெளிவந்தது. 2010 ஆகஸ்டில் மாநிலங்களவையில் அன்றைய உள்துறை அமைச்சர் ப.சிதம்பரம், சுமார் 678 கோடி திருப்பப்பட்டதை ஒப்புக்கொண்டார். அது தவறு என்றும் சொன்னார்.

எப்படித் திருப்ப முடிந்தது? சாலையும் மேம்பாலமும் தெருவிளக்கும் எல்லோருக்கும் பொதுதானே, அதில் தலித்துகளும்தானே நடக்கிறார்கள் என்ற வாதத்தில்தான். ஊர்த் தெருவில் நாம் நடந்தால் தீட்டு என்ற சமூகம், செலவுக் கணக்கு எழுதும்போது மட்டும் நம்மைத் தெருவில் நடக்கவைக்கிறது! பள்ளி விடுதிக்கும் கல்வி உதவித்தொகைக்கும் போயிருக்க வேண்டிய பணம், இப்படித்தான் ஸ்டேடியத்துப் பக்கம் நகர்ந்தது.

பணம் கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது என்ன? போட்டியை ஒட்டி டெல்லியில் குறைந்தது 2 லட்சம் பேர் குடியிருப்புகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டதாக ஹவுசிங் அண்ட் லேண்ட் ரைட்ஸ் நெட்வொர்க் அமைப்பு மதிப்பிட்டது. கட்டுமானத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூடத் தரப்படவில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் அமைத்த குழு 2010-ல் சொன்னது. கத்தார் ஸ்டேடியங்களில் தெற்காசியத் தொழிலாளிகள் பட்ட பாட்டுக்கு நாம் கொதித்தோம். டெல்லியில் செங்கல் சுமந்தவர்களும் அதே ஆட்கள்தான்.

இந்த ஊழலில் பொது நினைவில் தங்கியது 4,000 ரூபாய் டாய்லெட் பேப்பர் கதை. 2011 ஏப்ரலில் சுரேஷ் கல்மாடி கைதானதும் நேரமும் புள்ளியும் பதிவுசெய்யும் கருவிகளின் ஒப்பந்தத்துக்காகத்தான். தலித் நிதி திருப்பப்பட்டதை ஊழல் என்றே ஊடகங்கள் பேசவில்லை. அதிகாரி திருடினால் ஊழல், அரசாணை போட்டுத் திருடினால் நிர்வாகம்.

பழைய கதையை ஏன் கிளற வேண்டும்? 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு என்று 2025 நவம்பர் 26 அன்று முடிவாகியிருக்கிறது. அண்ணல் அம்பேத்கரின் உழைப்பில் உருவான அரசமைப்புச் சட்டம் ஏற்கப்பட்ட அதே தேதி! 2036 ஒலிம்பிக்கை நடத்தவும் இந்தியா விருப்பக் கடிதம் கொடுத்துவிட்டது. தமிழ்நாடும் பின்தங்கவில்லை. செம்மஞ்சேரியில் உலக விளையாட்டு நகரம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. நகரத்துக் கரையோரங்களிலிருந்து விரட்டப்பட்டவர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய அதே செம்மஞ்சேரி.

விளையாட்டுக்கு நாம் எதிரிகளா? எங்கள் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் வியாசர்பாடி ஜீவா வந்துவிடும். இந்திய அணிக்கு ஆடிய நந்தகுமார் சேகரைத் தந்த பகுதி அது. எந்தச் சர்வதேசத் திருவிழாவும் நடக்காமலே அங்கே ஆட்டக்காரர்கள் உருவானார்கள். அவர்கள் கேட்பது சமமான மைதானம், பயிற்சியாளர், நல்ல பூட்ஸ், சத்தான சாப்பாடு. ஒரு மேம்பாலத்தின் செலவில் எத்தனை மைதானங்கள் போடலாம் என்று எந்த ஏலக் குழுவும் கணக்குப் போடுவதில்லை.

ஆகவே கேட்க வேண்டியதை இப்போதே கேட்போம். போட்டியை நடத்தும் உரிமை கோரி அரசு கொடுக்கும் ஆவணமும் ஒப்பந்தமும் கையெழுத்துக்கு முன்பே மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். அட்டவணைச் சாதி, பழங்குடி மக்களின் நிதியில் ஒரு ரூபாய்கூட இதற்குப் போகாது என்று எழுத்தில் உறுதி வேண்டும். இந்த நிதியைப் பாதுகாக்கத் தமிழ்நாடு 2024-ல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. அதன் கீழ் எந்தத் துறை எவ்வளவு செலவழித்தது, எந்தச் செலவை நம் பேரில் எழுதியது என்று ஆண்டுதோறும் ஆர்டிஐ மனு போடுவது நம் வேலை. மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய்தான். 744 கோடி எங்கே போனது என்று டெல்லியில் கண்டுபிடிக்க உதவியதும் அந்தச் சட்டம்தான். அங்கே விடை வருவதற்குள் பணம் போய்விட்டது. இந்த முறை கேள்வி முந்திக்கொள்ள வேண்டும்.